மத்தியத் திடலில் நின்ற நம் பிள்ளைகள்

பொன்விழா மலர் வேலைக்காகச் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்தோம். ஐம்பது ஆண்டுக் கதை ஏறக்குறைய முழுவதும் அவற்றில் இருந்தது. மீலாது விழாச் செலவு, ஜனாஸா நிதிக்கு வந்த சந்தா, கல்வி உதவி பெற்ற பிள்ளைகளின் பட்டியல், நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டை தந்தவர்களின் பெயர்கள் என்று எதுவும் விடுபடவில்லை. காற்பந்து மட்டும் ஒரே ஓர் இடத்தில், அதுவும் செலவுக் கணக்கில் வந்தது. பந்து இரண்டு, வலை ஒன்று. அந்தப் பந்தை உதைத்த பிள்ளைகள் யார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இதைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. காற்பந்து இல்லாமல் நம் குடும்பங்கள் வாழ்ந்ததில்லை. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்த பிறகு, நம்மவர்களின் உணவுக் கடைகளில் பெரிய திரை மாட்டாத கடை அபூர்வம். உலகக் கிண்ண ஆட்டம் நடக்கும் இரவுகளில் விடிய விடியத் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் போட்டுக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அத்தாக்கள் நம் சங்கத்தில் எத்தனையோ பேர். ஆனால் திரையில் மான்செஸ்டர் ஓடிய அதே இரவில், பத்து மைல் தள்ளி ஒரு நகராட்சித் திடலில் தன் மகன் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்ததைப் போய்ப் பார்த்த அத்தாக்கள் எத்தனை பேர் என்று கேட்டால், நம்மிடம் பதில் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை. பெரிய நட்சத்திரங்களின் புகழ் பாடுவது நோக்கமல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டாம், மூன்றாம் நிலை லீக்குகளில் ஆடி, பெயர் வெளியே தெரியாமல் வீடு திரும்பிய ஆட்டக்காரர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது, அந்த வாழ்க்கைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு என்ன என்பதையே இங்கே எழுதுகிறோம்.

வேலையோடு வந்த விளையாட்டு

நம் வட்டாரத்தில் காற்பந்து முதலில் வேலையிடத்தோடு சேர்ந்து வளர்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ், செந்தூலில் ரயில்வே பட்டறை, கிள்ளானைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள், 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹம் துறைமுகம். இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்வது அந்தத் துறைமுகத்தைத்தான். இந்த இடங்களில் எல்லாம் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வேலை செய்தார்கள். வேலை முடிந்த மாலையில் திடலும் ஒரு பந்தும் இருந்தால் போதும். தோட்டத் திடலில் ஒரு பக்கம் கோவில், ஒரு பக்கம் தமிழ்ப்பள்ளி, நடுவில் இரண்டு கம்புகள் நட்ட கோல். துறைமுகத்திலும் கடைவீதியிலும் இருந்த நம்மவர்களின் பிள்ளைகள் அந்தத் திடல்களுக்கே போனார்கள். பந்து காலுக்கு வந்த பிறகு இன்னார் மகன் என்று யாரும் கேட்பதில்லை. அசர் தொழுதுவிட்டு ஓடினால் மஃரிபு பாங்கு வரை ஆட்டம்.

கோலாலம்பூரில் ஜாலான் ராஜா மூடாவில் திடல் வைத்திருந்த தமிழர் உடற்பயிற்சிச் சங்கத்தைப் பழைய தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். டி.பி.சி.ஏ. என்று சொன்னால்தான் இன்னும் பலருக்கு விளங்கும். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே தமிழ் இளைஞர்கள் அங்கே முறையாக ஆடக் கற்றார்கள்.

நாட்டளவில் போட்டி வந்த கதையும் சுவையானது. மலாயா என்ற பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1921-இல் இங்கு வந்தது. அந்தக் கப்பலின் மாலுமிகள் நன்றியாகக் கொடுத்த கிண்ணமே மலாயாக் கிண்ணம். முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூரைச் சிங்கப்பூர் வென்றது. அடுத்த ஆண்டே சிலாங்கூர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டது. 1967-இல் அது மலேசியக் கிண்ணம் ஆனது. 2015 வரை சிலாங்கூர் அதை 33 முறை வென்றிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் சிவப்பு மஞ்சள் சட்டையைப் பார்த்தால் இன்றும் எழுந்து உட்காருவதற்குக் காரணம் அதுதான்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர் யாரும் ஆட்டத்தை நம்பிச் சாப்பிடவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ரயில்வேயிலோ போலீஸிலோ மின்சார வாரியத்திலோ வங்கியிலோ அவருக்கு ஒரு வேலை இருந்தது. நன்றாக ஆடத் தெரிந்தவனை அந்த நிறுவனங்கள் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தன. முழங்கால் போனாலும் மேசை வேலை இருந்தது. முப்பத்து மூன்று வயதில் பூட்ஸைக் கழற்றி வைத்தவர் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார். ஆட்டத்தில் கிடைத்த பணம் குறைவு. ஆட்டத்தால் கிடைத்த வேலையோ வாழ்நாள் முழுவதற்கும் நின்றது.

உச்சியில் தெரிந்தவர்கள்

உச்சிக்குப் போன தமிழர்களை எல்லாருக்கும் தெரியும். 1972-இல் முனிச் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம்.சந்திரன் தற்காப்பில் நின்றார். நீண்ட கைகளால் ஸ்பைடர்மேன் என்று பெயரெடுத்த கோல் காவலர் ஆர்.ஆறுமுகம், 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தார். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவே இல்லை. 1988-இல் ஒரு சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். 2016-இல் வந்த ஓலா போலா படம் அந்த அணியின் கதையைத் தழுவியது. அதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் வீட்டில் வந்து அவரைப் பற்றிக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு செத்தாப்பாக்கில் பிறந்த கே.ராஜகோபால். சிலாங்கூருக்கு ஆடியவர், பயிற்றுநராக நாட்டுக்கே பெருமை சேர்த்தார். அவர் பயிற்சியில் 2009-இல் லாவோசில் நடந்த சீ விளையாட்டில் மலேசியா இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வென்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சுசுகி கிண்ண இறுதியில் இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்றது. ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் கிண்ணம் நமக்கு வந்தது. அந்த அணியில் இருந்த எஸ்.குணாளன் மத்தியத் திடலின் ஓரத்தில் ஓடத் தொடங்கி, பின்னாளில் வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரராக மாறியவர். 2018 சுசுகி கிண்ண இறுதி வரை போன தேசிய அணியின் மத்தியத் திடலில் ஷாமர் குட்டி அப்பா நின்றார். அவர் பெயரைத் திரையில் பார்த்தபோது நம் கடைகளில் எழுந்த சத்தம் எங்களுக்கு நினைவிருக்கிறது.

ஆனால் ஒரு ஷாமர் மேலே தெரிந்தால், அவரோடு பள்ளித் திடலில் ஆடிய நூறு பேர் கீழே எங்கோ ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களின் வாழ்க்கையை மாற்றியது தொழில்முறைக் காற்பந்து.

வேலை போய் ஒப்பந்தம் வந்தது

1989-இல் எஃப்.ஏ.எம். அரைத் தொழில்முறை லீக்கைத் தொடங்கியது. 1994-இல் முழுத் தொழில்முறை லீக் வந்தது. ஆட்டக்காரர்களுக்கு முன்பு கனவிலும் வராத சம்பளம் கிடைக்கத் தொடங்கியது. அதே 1994-இல்தான் ஆட்டத்தை விற்ற சூதாட்ட ஊழலும் வெடித்தது. ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள், 58 பேர் தடை செய்யப்பட்டார்கள், 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். நம் வீடுகளில் அப்போது எழுந்த பேச்சு இன்றும் காதில் ஒலிக்கிறது. பந்து உதைக்கப் போகிறவன் கடைசியில் எங்கே போய் நிற்பான் என்று பார்த்தாயா என்றார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார் பிள்ளைகளின் பூட்ஸை ஒளித்து வைத்தது அந்த ஆண்டுகளில்தான்.

ஊழல் சில ஆண்டுகளில் மறந்துபோனது. அதைவிட ஆழமான இன்னொரு மாற்றம் யாருக்கும் தெரியாமல் நடந்தது. தொழில்முறை என்று வந்த பிறகு ஆட்டக்காரருக்கு வேறு வேலை கிடையாது. வங்கி மேசை போய், ஒரு பருவத்துக்கான ஒப்பந்தத் தாள் கைக்கு வந்தது. உச்சியில் இருந்தவருக்கு அது லாபம். கீழே இருந்தவருக்கு, பழைய பாதுகாப்பு போய்விட்டது, புதிய பணமும் வரவில்லை.

2004-இல் லீக் மறுபடியும் பிரிக்கப்பட்டது. சூப்பர் லீக் முதல் நிலை, பிரிமியர் லீக் இரண்டாம் நிலை, எஃப்.ஏ.எம். லீக் மூன்றாம் நிலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறுவனங்களும் நகராட்சிகளும் குழு வைத்துக்கொண்டு மேலே ஏறின. பெட்டாலிங் ஜெயா நகராட்சியின் எம்.பி.பி.ஜே. குழு 2003-இல் மலேசியக் கிண்ணத்தையே வென்றது. மாநிலக் குழுவாக இல்லாத ஒரு கிளப் அதை வென்றது அதுவே முதல் முறை. பப்ளிக் பேங்க் குழு சூப்பர் லீக் வரை போனது. சில ஆண்டுகளிலேயே இரண்டும் லீக்கிலிருந்து மறைந்தன. மேலே குழு மறையும்போது செய்தித்தாளில் ஒரு பத்தி வரும். அந்தக் குழுவை நம்பிக் கல்யாணம் முடித்து, காருக்குக் கடன் வாங்கிய இருபத்தைந்து பேரின் கதை எங்கும் வராது.

நடுவில் நிற்பவர்

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன் அந்த இருபத்தைந்து பேரில் ஒருவராக இருந்தவர். மலருக்காக அவரைச் சந்தித்துப் பேசினோம். பெயரையும் குழுவின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே பெயர் இல்லாமலே சொல்கிறோம்.

அவர் மத்தியத் திடல் ஆட்டக்காரர். அந்த இடத்தின் இயல்பைச் சொன்னால்தான் அவர் வாழ்க்கை புரியும். கோல் அடிப்பவன் பெயர் பத்திரிகையில் வரும், கோலைத் தடுப்பவன் பெயரும் வரும். மத்தியத் திடலில் நிற்பவன் ஓர் ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுவான். தற்காப்பிலிருந்து பந்தை வாங்கி முன்னே கொடுப்பான். பந்து போனால் திரும்ப ஓடி இடத்தை மூடுவான். அவன் சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது, ஒரு முறை தவறினால் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் மூத்த பிள்ளையின் நிலைமையும் அதுதான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கிள்ளானில் இடைநிலைப்பள்ளி அணியில் தொடங்கினார். மாவட்டம், பிறகு இளையோருக்கான பிரெசிடென் கிண்ணம். எஸ்.பி.எம். முடிந்ததும் அத்தா கடைக்கு வா என்றார். மாமா ஒருவர் இரண்டு வருடம் விட்டுப் பார்ப்போம் என்று பேசி வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருடம் எட்டு வருடம் ஆனது. அந்த எட்டு வருடத்தில் நான்கு குழுக்கள். எல்லா ஒப்பந்தமும் ஒரு பருவத்துக்குத்தான். பருவம் முடிந்த மாதங்களில் அத்தாவின் கடைக்கே வந்து கல்லாவில் உட்காருவார். மூன்றாம் நிலை லீக்கில் அவர் வாங்கிய சம்பளம், அதே கடையில் ரொட்டி போடுபவரின் சம்பளத்தைவிடக் குறைவு. கடைக்கு வருகிறவர்கள், எந்த அணி தம்பி, டிவியில் வருவீர்களா என்று கேட்பார்கள். வரமாட்டேன் என்பார்.

நோன்பு மாதத்தை அவர் மறக்கவில்லை. ரமலானில் லீக் ஆட்டங்கள் இரவு 10 மணிக்குத் தொடங்கும். நோன்பு திறந்து, கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, குழுவோடு பஸ்ஸில் ஏறினால் வெளியூர் ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சஹர். குழுவிலிருந்த இந்து நண்பர்கள் அவருக்காகக் கடை தேடி இறங்குவார்களாம். எட்டு வருடத்தில் மிச்சம் என்ன என்று கேட்டோம். அந்த நண்பர்கள்தான் என்றார்.

ஒரு பருவத்தில் மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொன்னார்கள். கேட்டால் அணியில் இடம் போகும் என்ற பயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பருவம் முடிந்தது, குழுவும் கலைந்தது. அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. இ.பி.எஃப். கணக்கைப் போய்ப் பார்த்தால், பல மாதங்களுக்கு முதலாளி பங்கு கட்டப்படவே இல்லை. இருபத்தெட்டு வயதில் இடது முழங்கால் வீங்கியபோது சிகிச்சைச் செலவை அத்தாவே ஏற்றார். இப்போது துறைமுகப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறார். கடைக்கு வா என்று கூப்பிட்ட அத்தா மீது வருத்தம் உண்டா என்று கேட்டோம். இல்லை என்றார். ஆனால் ஒரே ஓர் ஆட்டத்துக்காவது வந்திருக்கலாம் என்றார். அதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை.

சமூகம் போட்ட ஏணி

இப்படித் தனித்தனியாக ஏறி விழுந்த பிள்ளைகளுக்கு ஏணி போடச் சமூகம் ஒரு முறை முயன்றது. அந்த முயற்சியை இந்த மலரில் பதிவு செய்யாமல் விடக்கூடாது.

மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றமும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவும் சேர்ந்து ஒரு குழுவை எஃப்.ஏ.எம். லீக்கில் இறக்கின. இந்திய இளைஞர்கள் தேசிய அணியில் குறைந்துகொண்டே வந்த காலம் அது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. புக்கிட் ராஜா போன்ற இடங்களில் திடல் இருந்த மண்ணில் இன்று வரிசை வீடுகளும் கிடங்குகளும் நிற்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே நிலத்தின் மேல் 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறந்தது. திடல் போனால் ஆட்டக்காரர் எங்கிருந்து வருவார்? அந்தக் கேள்விக்கு மிஃபா ஒரு விடை சொல்லப் பார்த்தது. மாநில அணிகளின் தேர்வில் கண்ணில் படாத பிள்ளைக்கு ஆடுவதற்கு ஒரு சட்டை கொடுப்போம் என்றது.

அந்தக் குழு மூன்றாம் நிலையிலிருந்து ஏறி 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் சூப்பர் லீக்குக்கே வந்தது. அப்போது க்யூ.ஐ. குழுமம் அதை ஏற்று நடத்தியது, பெயரும் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று மாறியது. கிளானா ஜெயாவில் உள்ள எம்.பி.பி.ஜே. அரங்கம் அவர்களின் சொந்தத் திடல். கே.தேவனும் அவருக்குப் பிறகு பி.மணியமும் பயிற்றுநர்களாக இருந்தார்கள். ஆர்.கோகிலேஸ்வரன் போன்ற இளைஞர்கள் அங்கே நாடறிய ஆடினார்கள். கடைசி ஆண்டுகளில் மற்றக் குழுக்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குப் பணத்தைக் கொட்டியபோது, இவர்கள் உள்நாட்டுப் பிள்ளைகளை மட்டும் வைத்து உச்ச லீக்கில் ஆடினார்கள். பெயர்ப் பட்டியலில் தமிழ்ப் பெயரும் மலாய்ப் பெயரும் சீனப் பெயரும் கலந்திருந்தன. அந்த ஆட்டங்களுக்குக் குடும்பத்தோடு போனவர்கள் நம்மிலும் உண்டு.

2022 பருவம் முடிந்ததும் குழு லீக்கிலிருந்து விலகியது. அடுத்த ஆண்டு பிரிமியர் லீக்கும் இல்லாமல் போனது. இரண்டு நிலைகளையும் சேர்த்து ஒரே சூப்பர் லீக் என்றார்கள். 18 குழுக்கள் என்று திட்டமிட்டது, 14 குழுக்களோடு தொடங்கியது. இரண்டாம் நிலையில் சம்பளத்துக்கு ஆடிய பலருக்கு ஒரே மழைக்காலத்தில் வேலையிடம் இல்லாமல் போயிற்று. பிறகு 2024-இல் ஏ1 அரைத் தொழில்முறை லீக் வந்தது. 1989-இல் தொடங்கிய சொல் முப்பத்தைந்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. எங்களுக்கு இதில் வருத்தமில்லை. பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்ற பழைய முறைதான் நம் தாத்தாக்களைக் காப்பாற்றியது.

மிஃபாவின் ஏணி சில ஆண்டுகளே நின்றது. ஆனாலும் அது ஒன்றைக் காட்டிவிட்டது. சமூகம் சேர்ந்து ஒரு வாசலைத் திறந்தால் பிள்ளைகள் வருகிறார்கள், ஆடவும் தெரிகிறது. திறந்த வாசலை நிலைக்க வைக்கும் வழிதான் நமக்கு இன்னும் தெரியவில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

சம்பளம் வராமல் போவது நம் ஊர் நோய் மட்டுமல்ல. ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-இல் 54 நாடுகளில் சுமார் 14,000 ஆட்டக்காரர்களைக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 45 விழுக்காட்டினர் மாதம் ஆயிரம் அமெரிக்க டாலருக்கும் குறைவாகச் சம்பாதித்தார்கள். 41 விழுக்காட்டினருக்குச் சம்பளம் தாமதமாக வந்த அனுபவம் இருந்தது. சராசரி ஒப்பந்தம் இரண்டு ஆண்டைக்கூடத் தொடவில்லை. நாம் திரையில் பார்க்கும் கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் இந்தத் தொழிலின் முகப்பு அலங்காரம். உள்ளே இருக்கும் கடை வேறு.

ஆகவே, என் மகன் பந்தாடப் போகிறான் என்று வரும் பெற்றோரிடம் போகாதே என்று சொல்லச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. கேட்டுவிட்டுப் போகட்டும் என்கிறோம். ஒரு கடையை வாடகைக்கு எடுக்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்! பிள்ளையின் பத்து வருடத்தைக் கொடுக்கும்போது கேட்கக் கூடாதா?

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, அதன் ஒரு நகல் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இ.பி.எஃப். பிடிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். மாதம் 5,000 ரிங்கிட் வரை வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, தொழிலாளி பங்கு 11 விழுக்காடு. இரண்டும் கணக்கில் ஏறுகின்றனவா என்று மாதாமாதம் பார்க்கலாம். காயம் பட்டால் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு, ஆட்டக்காரர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதி 2018 முதல் சொல்கிறது. மேலே நாங்கள் சொன்ன பிள்ளைக்கு அன்று இப்படி ஒரு விதி கையில் இல்லை. இன்று ஆடுகிறவர்களுக்கு இருக்கிறது, ஆனால் தெரியவில்லை. மலேசியத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. பிள்ளை முதல் கையெழுத்துப் போடும் நாளிலேயே அதில் சேரட்டும்.

கடைசியாக, படிப்பு. முழங்கால் முப்பதில் ஓய்ந்துவிடும். சான்றிதழ் ஓயாது. பயிற்றுநர் உரிமமோ உடற்பயிற்சி மருத்துவமோ மின்சார வேலையோ ஏதாவது ஒரு தாள் ஆட்டத்தோடு கூடவே வரட்டும். பழைய ரயில்வேக்காரருக்கு நிறுவனம் கொடுத்த பாதுகாப்பை இன்று குடும்பமும் சங்கமும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும்.

இனி எழுத வேண்டிய பக்கம்

பொன்விழாவை ஒட்டிச் செயற்குழுவிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்திருக்கிறோம். கல்வி உதவி நிதியில், விளையாடிக்கொண்டே தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். ஒப்பந்தத் தாளைப் படித்துச் சொல்ல, நம் உறுப்பினர்களில் வழக்கறிஞராக இருப்பவர்கள் மாதத்தில் ஒரு மாலை சங்கக் கட்டடத்தில் உட்கார வேண்டும். பெரிய செலவில்லாத காரியங்கள் இவை.

உறுப்பினர் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பந்தாடிய தாத்தாவோ வாப்பாவோ அண்ணனோ தம்பியோ இருந்தால், எந்தத் திடலில், எந்தக் குழுவுக்கு, எந்த ஆண்டில் ஆடினார் என்று ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். அலமாரியில் மங்கிப்போன குழுப்படம் இருந்தால் நகலெடுக்கத் தாருங்கள், அன்றே திருப்பித் தருகிறோம். கிண்ணம் வாங்கியவராக இருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர் பெயரும் எழுதப்பட வேண்டும். இந்தப் பொன்விழா ஆண்டிலிருந்து குறிப்பேட்டில் பந்தின் விலையோடு பந்தை உதைத்தவரின் பெயரும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

அத்தாமார்களுக்கு ஒரு சொல். இந்த வாரம் உங்கள் பிள்ளைக்கு எங்காவது ஆட்டம் இருந்தால், கல்லாவை ஒரு மணி நேரம் வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போய் வாருங்கள். கோட்டுக்கு வெளியே சும்மா நின்றால் போதும். மத்தியத் திடலில் நிற்பவன் நாலாப் பக்கமும் பார்த்துக்கொண்டே ஆடுபவன். நீங்கள் வந்தது அவனுக்குத் தெரியும்.